அஞ்சலட்டைக்கு இருக்கும் காவல் செல்போனுக்கும் வேண்டும்: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர் என்று தமிழ்நாட்டின் சார்பில் டெல்லியில் அமர்ந்திருக்கும் உங்கள் 57 பேருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். யார் எந்தக் கட்சி என்று பிரித்துப் பார்க்கவில்லை. பிறர் பேச்சை ஒட்டுக்கேட்கும் அதிகாரம் தேர்தலுக்குத் தேர்தல் கைமாறுகிறது. இன்று அது யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் பேச்சையே நாளை இன்னொருவர் கேட்கலாம். அதனால் இது எல்லாக் கட்சிக்கும் பொதுவான கவலை.

நான் மதுரையில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். கொலை, ஆள்கடத்தல், வழிப்பறி, கஞ்சா என்று எந்த வழக்குக் கட்டைப் பிரித்தாலும் இப்போது உள்ளே சி.டி.ஆர். எனப்படும் அழைப்பு விவரப் பதிவு இருக்கிறது. யார் யாரை அழைத்தார், எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி பேசினார், அப்போது அவருடைய போன் எந்த டவரின் கீழ் இருந்தது, எந்த செட்டில் எந்த சிம் போடப்பட்டிருந்தது என்பதெல்லாம் வரிசையாக அச்சாகியிருக்கும் பக்கங்கள். என்ன பேசினார் என்பது அதில் இருக்காது. அதனால் பலரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. 'பேச்சைக் கேட்கலையே, நம்பரைத்தானே பார்த்தாங்க' என்று படித்தவர்களே சொல்கிறார்கள்.

அந்தப் பக்கங்களை வாசித்துப் பழகியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒரு பெண் காலையில் மகப்பேறு மருத்துவமனைக்குப் பேசுகிறார், மதியம் அம்மாவுக்கு நாற்பது நிமிடம், மறுநாள் குடும்ப நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவருக்கு. பேச்சில் ஒரு சொல்கூடத் தேவையில்லை, நடந்ததை யாரும் ஊகித்துவிடலாம். டவர் விவரத்தை எடுத்தால் ஒருவர் மூன்று மாதம் எந்தெந்த இரவு எங்கே தூங்கினார் என்பது தெரியும். எந்தப் போராட்டக் கூட்டத்தில் நின்றார், எந்த வழிபாட்டுத் தலத்துக்கு எத்தனை மணிக்குப் போனார், எந்தச் செய்தியாளரை எந்த அரசு ஊழியர் அழைத்தார் என்பதும் தெரியும். வாய்ப்பேச்சில் மனிதர்கள் ஒன்றை மறைக்கலாம், பூசி மெழுகலாம். இந்தப் பட்டியலில் எதையும் மறைக்க முடியாது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இந்தப் பதிவுகளை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதிகள் திருத்தப்பட்டன. அதற்கு முன்பு ஓராண்டுதான். நூறு கோடிக்கும் மேல் செல்போன் இணைப்பு உள்ள நாட்டில், ஒவ்வொருவருடைய இரண்டு ஆண்டு நடமாட்டமும் எங்கோ ஒரு சர்வரில் எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது.

அதை எடுக்க என்ன வேண்டும்? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவுப்படி, விசாரணைக்குத் தேவை என்று கருதினால் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்துமூலம் உத்தரவிட்டு எந்த ஆவணத்தையும் மின்னணுத் தகவலையும் கேட்டு வாங்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆவது பிரிவுதான் இது. நடைமுறையில் எஸ்.பி. அலுவலகம் வழியாகக் கோரிக்கை போகிறது, நிறுவனத்தில் இதற்கெனப் பொறுப்பில் இருக்கும் நோடல் அதிகாரி கோப்பை அனுப்புகிறார். இடையில் எந்த நீதிபதியும் இல்லை. காரணம் போதுமானதா, மூன்று நாள் விவரம் போதுமே எதற்கு மூன்று மாதம், இந்த எண் இந்த வழக்கோடு எப்படித் தொடர்புடையது என்று கேட்க யாரும் இல்லை. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தால், மின்னணுச் சான்றுக்கான சான்றிதழோடு அந்தக் கோப்பு என் கைக்கு வரும், நானும் குறுக்கு விசாரணை செய்யலாம். வழக்கே ஆகாத கோரிக்கைகளின் கதி என்ன? விசாரணையில் பெயர் அடிபட்டு, ஒன்றும் இல்லை என்று விடப்பட்டவர்களின் பட்டியல்கள் எங்கே போகின்றன? அவர்களுக்கே தெரியாது.

இங்கே உங்கள் கவனத்துக்கு ஒன்றைக் கொண்டுவர விரும்புகிறேன். அதே 94-ஆவது பிரிவின் கடைசியில், அஞ்சல் துறையின் வசம் உள்ள கடிதம், அஞ்சலட்டை, பார்சல் ஆகியவற்றுக்கு இந்த அதிகாரம் பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. அவற்றை வாங்க 95-ஆவது பிரிவுக்குத்தான் போக வேண்டும். மாவட்ட நடுவரான ஆட்சியரோ, தலைமைக் குற்றவியல் நடுவரோ, அமர்வு நீதிமன்றமோ, உயர் நீதிமன்றமோ உத்தரவிட்டால்தான் அஞ்சல் துறை அதைக் கொடுக்கும். அதுவரை எஸ்.பி.யோ ஆணையரோ அதைத் தேடி நிறுத்திவைக்கச் சொல்லலாம், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் பாதுகாப்பு இது. தபால்காரர் முதல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் வரை யார் வேண்டுமானாலும் படித்துவிடக்கூடிய அஞ்சலட்டையை எடுக்க, காவல் துறைக்கு வெளியே ஒருவருடைய ஒப்புதல் வேண்டும். இரண்டு ஆண்டு வாழ்க்கையே பதிந்திருக்கும் செல்போன் விவரத்தை எடுக்கக் காவல் துறையின் உத்தரவே போதும். 2023-ல் மூன்று குற்றவியல் சட்டங்களையும் புதிதாக எழுதியபோது இதைச் சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை.

(அஞ்சலுக்கு இருந்த பாதுகாப்பும் இப்போது பழையபடி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே 2023-ல் வந்த அஞ்சல் அலுவலகச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, அஞ்சலை இடைமறித்துப் பார்க்க அதிகாரிகளுக்கு அதிகாரம் தரும் உரிமையை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. சமமாக்குவதென்றால் கீழே இறக்கிச் சமமாக்குவது என்று ஆகிவிடக் கூடாது.)

அப்புறம் ஒட்டுக்கேட்பு. பேச்சையே கேட்பதற்குத் தனி விதிகள் உண்டு, அவை இதைவிடக் கண்டிப்பானவை என்று தோன்றும். தொலைத்தொடர்புச் சட்டம், 2023-இன் 20-ஆவது பிரிவு, அதன்கீழ் 2024 டிசம்பரில் வந்த விதிகள், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு ஆகியவைதான் அடிப்படை. மத்தியில் உள்துறைச் செயலாளர், மாநிலத்தில் மாநில உள்துறைச் செயலாளர் உத்தரவிட வேண்டும். உத்தரவு 60 நாள் செல்லும், நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. அவசரமென்றால் விசாரணை அமைப்பின் தலைமை அதிகாரியே தொடங்கிவிட்டு, ஏழு வேலை நாளுக்குள் ஒப்புதல் வாங்கலாம். உத்தரவு சரிதானா என்று பார்க்க மறுஆய்வுக் குழு இருக்கிறது. மத்தியில் அமைச்சரவைச் செயலாளர் தலைவர், சட்ட விவகாரத் துறைச் செயலாளரும் தொலைத்தொடர்புத் துறைச் செயலாளரும் உறுப்பினர்கள். மாநிலத்தில் தலைமைச் செயலாளர், சட்டச் செயலாளர், உள்துறை அல்லாத இன்னொரு துறையின் செயலாளர்.

கேட்பவர், அனுமதிப்பவர், சரிபார்ப்பவர் என்று மூன்று இடத்திலும் ஒரே அரசின் அதிகாரிகள். அவர்களில் நேர்மையானவர்கள் ஏராளம், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அரசின் விருப்பத்துக்கு மாறாக ஒரு உத்தரவை ரத்து செய்ய வேண்டிய நாளில், அந்த அரசாலேயே மாற்றல் செய்யப்படக்கூடிய ஒருவரிடம் அந்த முடிவை விட்டுவைப்பது அவருக்கும் நல்லதல்ல.

நேரம் என்று ஒன்றும் இருக்கிறதே. குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடினால் போதும் என்பது விதி. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு 2018-ல் மத்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், இந்த மறுஆய்வுக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது, இது நடக்கக்கூடிய காரியமே இல்லை என்று பதிவு செய்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உத்தரவு ஒன்றுக்கு ஒரே ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 15,000 உத்தரவுக்கு 250 மணி நேரம் ஆகும். நாளைக்கு எட்டு மணி நேரம் இதே வேலையாக உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்கு மேல். நாட்டிலேயே அதிக வேலைப்பளு உள்ள மூன்று செயலாளர்கள் அப்படி உட்காரப்போவதில்லை. ஒரு நிமிடத்தில் என்னதான் பார்க்க முடியும்? எண்ணையும் கையெழுத்தையும் பார்க்கலாம். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார், அவரைச் சந்தேகிக்கக் காரணம் உண்டா என்பதைப் பார்க்க முடியாது.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதை இளைய உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1988-ல் ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். 1991-ல், அரசியல் தலைவர்களின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டது பற்றிய சி.பி.ஐ. அறிக்கை டெல்லியிலிருந்து வரும் ஓர் இதழில் வெளியானது. அதை வைத்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் ஒட்டுக்கேட்கும் அதிகாரம் இருந்தது, அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற விதி ஒன்றுகூட இல்லை. நூறாண்டுக்கு மேல் அப்படியே ஓடியிருக்கிறது. கழகத்துக்காக வாதாடிய ராஜீந்தர் சச்சார், ஒட்டுக்கேட்கும் முன்பே நீதித்துறையின் அனுமதி பெற வேண்டும் என்று கேட்டார். 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. தொலைபேசிப் பேச்சு அந்தரங்க உரிமைக்குள் வரும் என்று நீதிமன்றம் ஏற்றது. நீதித்துறையின் முன் அனுமதியை மட்டும் ஏற்கவில்லை. சட்டத்தில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லாதபோது நாங்களாக அதைக் கொண்டுவர முடியாது என்றது. இடைக்கால ஏற்பாடாக, உள்துறைச் செயலாளர் உத்தரவு, செயலாளர்கள் குழு, இரண்டு மாதம், ஆறு மாதம் என்று சில வழிமுறைகளை வகுத்துக் கொடுத்தது.

அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும். நீதிமன்றம் கதவை மூடவில்லை, சாவி நாடாளுமன்றத்திடம் இருக்கிறது என்றுதான் சொன்னது.

நாடாளுமன்றத்துக்கு அந்த வாய்ப்பு வர 27 ஆண்டு ஆனது. 2023 டிசம்பர் 18, தீர்ப்பு வந்த அதே தேதியில், தந்திச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொலைத்தொடர்பு மசோதா மக்களவையில் தாக்கல் ஆனது. 20-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியது, 21-ஆம் தேதி மாநிலங்களவையில் நிறைவேறியது. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் பலர் அதில் இருந்தார்கள். அவையிலேயே இல்லாத சேலம் உறுப்பினரின் பெயரும் முதலில் பட்டியலில் சேர்ந்து, பிறகு நீக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 138 ஆண்டுப் பழைய சட்டத்தின் ஒட்டுக்கேட்பு அதிகாரம், அதைப் பற்றி உரக்கக் கேள்வி கேட்டிருக்கக்கூடிய பலர் வெளியே நின்றிருந்த நாள்களில், ஏறக்குறைய அதே வடிவில் புதிய சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. 1996-ல் இடைக்கால ஏற்பாடாக வந்த செயலாளர்கள் குழுவே 2024 விதிகளிலும் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. நடுவில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னது எதையும் அசைக்கவில்லை.

இந்தக் குழு ஏற்பாடு நடைமுறையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே சான்று இருக்கிறது. 2011 ஆகஸ்டில் மத்திய உள்துறை ஒருவருடைய செல்போனை ஒட்டுக்கேட்க உத்தரவிட்டது. லஞ்சப் புகார் ஒன்று தொடர்பாக. 2025 ஜூலை 2 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவை ரத்து செய்தார். சட்டம் கேட்பது பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு, அவை இரண்டும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும், ரகசியமாக ஒரு குற்றத்தைத் துப்பறிவது அதில் அடங்காது என்றார். ஒட்டுக்கேட்டுக் கிடைத்தவை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவே இல்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். உத்தரவுக்கும் தீர்ப்புக்கும் இடையே ஏறக்குறைய 14 ஆண்டு. ஒட்டுக்கேட்கப்பட்டது இவருக்குத் தெரிந்ததே, விசாரணை அமைப்பு வழக்குப் போட்டு ஆவணங்களைக் கொடுத்ததால்தான். அதற்குச் சில நாள் முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம் இன்னொரு ஊழல் வழக்கில், பெரிய ஊழல் பொதுப் பாதுகாப்பையே பாதிக்கும் என்று சொல்லி ஒட்டுக்கேட்பை ஏற்றுக்கொண்டது. அப்படியானால் சென்னையில் செல்லாதது டெல்லியில் செல்லும். இரண்டு நீதிமன்றங்களும் பல ஆண்டு கழித்து விவாதிக்கும் இந்தக் கேள்வியை, ஒட்டுக்கேட்கத் தொடங்கிய அன்றே ஒரு நீதிபதி கேட்டிருக்க வேண்டாமா?

தெலங்கானாவைப் பாருங்கள். 2023 சட்டமன்றத் தேர்தல் காலத்தில் அரசியல்வாதிகள், தொழிலதிபர்கள், பத்திரிகையாளர்கள் எனப் பலருடைய பேச்சு மாநில உளவுப் பிரிவுக்குள்ளிருந்தே ஒட்டுக்கேட்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. ஆட்சி மாறியதும் ஹார்டு டிஸ்க்குகள் அழிக்கப்பட்டன என்பதும் குற்றச்சாட்டு. 2024 மார்ச்சில் வழக்குப் பதிவாகி, காவல் அதிகாரிகளே கைதானார்கள். நிரூபணம் ஆகும்வரை நான் யாரையும் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஒரு புகார் எப்படி வெளியே வந்தது? மறுஆய்வுக் குழு கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஆட்சி மாறியது, அதனால் வந்தது. ஆட்சி மாறாத மாநிலத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒட்டுக்கேட்புப் பதிவுகளை அழிக்க வேண்டும் என்ற விதி, குடிமக்களின் அந்தரங்கத்தைக் காக்க வந்தது. அரசுக்கு வெளியே ஒரு நகலும் இல்லாதபோது, அதே விதி தவறு செய்தவர்களின் தடயத்தையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது.

சி.டி.ஆர். கதை இன்னும் மோசம். 2013-ல் அன்றைய மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர் அருண் ஜேட்லியின் அழைப்பு விவரங்களை முறைகேடாக எடுத்ததாக டெல்லியில் காவலர்களே கைதானார்கள். அதற்குப் பிறகுதான் எஸ்.பி. நிலை அதிகாரி வழியாகவே கேட்க வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் வழிகாட்டியது. 2018-ல் மகாராஷ்டிரத்தின் தானேயில் காசுக்குச் சி.டி.ஆர். விற்ற வழக்கில் தனியார் துப்பறிவாளர்கள் கைதானார்கள். 2020 தொடக்கத்தில், சில மாநிலங்களில் குறிப்பிட்ட நாள்களுக்கு எல்லாச் சந்தாதாரர்களின் விவரத்தையும் மொத்தமாகக் கேட்கிறார்கள் என்று செல்போன் நிறுவனங்களின் சங்கமே தொலைத்தொடர்புத் துறைக்குக் கடிதம் எழுதியது. பேச்சுத் தடங்கலைச் சரிசெய்யத்தான் கேட்டோம், யாருடைய பெயரும் அதில் இல்லை என்றது அரசு. இருக்கலாம். அதைச் சரிபார்த்துச் சொல்ல அரசுக்கு வெளியே யாரும் இல்லை என்பதுதான் என் குறை.

பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் பற்றி ஒரே ஒரு வரி. 2021-ல் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைப் பார்த்தது, ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை என்பதை 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்திலேயே சொன்னார்கள். உச்ச நீதிமன்றக் குழுவுக்கே பதில் வராதென்றால், சாதாரண மனுதாரருக்கு எங்கே வரும்?

எதிர்வாதம் எனக்குத் தெரியும். நீதிமன்ற வளாகத்திலேயே காவல் துறை நண்பர்கள் என்னிடம் சொல்வதுதான். காணாமல் போன குழந்தையைத் தேடும்போது நீதிபதிக்கு மனு எழுதிக்கொண்டிருக்க முடியுமா? டிஜிட்டல் அரெஸ்ட் என்று மிரட்டி ஒரு முதியவரின் சேமிப்பையே கறந்துவிடுகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் சிம்மை மாற்றிவிடுகிறார்களே? நியாயமான கேள்விகள். சி.டி.ஆர். இல்லாவிட்டால் தப்பித்திருக்கக்கூடிய கொலைகாரர்களை நானே பார்த்திருக்கிறேன். அதே டவர் விவரத்தை வைத்து, சம்பவம் நடந்த நேரத்தில் என் கட்சிக்காரர் வேறு ஊரில் இருந்தார் என்று நிரூபித்து விடுதலை வாங்கியதும் உண்டு. இந்தத் தகவலே எடுக்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் உடனே எடுக்கட்டும், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சுயேச்சையான ஒருவரிடம் காரணத்தைச் சொல்லட்டும். அவர் ஏற்காவிட்டால் அழிக்கட்டும். பிரிட்டனில் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. ஒட்டுக்கேட்க அமைச்சர் கையெழுத்திட்டாலும், உயர் நீதித்துறைப் பதவியில் இருந்த ஆணையர் ஒருவர் ஒப்புக்கொண்டால்தான் உத்தரவு உயிர்பெறும். அவசரமென்றால் முதலில் தொடங்கிவிட்டு, மூன்று வேலை நாளுக்குள் அவரிடம் போக வேண்டும். அழைப்பு விவரங்களுக்கும், அவசரம் அல்லாத சாதாரணக் குற்ற விசாரணைக் கோரிக்கைகளைக் காவல் துறை அல்லாத தனி அலுவலகம் ஒன்று பார்க்கிறது. எத்தனை உத்தரவு, எத்தனை தவறு என்று ஆண்டறிக்கை வெளியாகிறது. அதனால் அந்த நாட்டில் குற்றவாளிகளைப் பிடிக்க முடியாமல் போய்விடவில்லை.

அந்த அலுவலகம் எப்படி வந்தது தெரியுமா? உங்களைப் போன்ற இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களால். கன்சர்வேட்டிவ் கட்சியின் டேவிட் டேவிஸும் லேபர் கட்சியின் டாம் வாட்சனும் சேர்ந்து, 2014-ல் அவசர அவசரமாக நிறைவேறிய தகவல் சேமிப்புச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். எதிரெதிர் வரிசையில் உட்காரும் இருவர். டேவிஸ் பிறகு அமைச்சராகி வழக்கிலிருந்து விலகிக்கொண்டார், வாட்சன் தொடர்ந்தார். 2016 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், இந்தத் தகவலை எடுக்கும் முன் நீதிமன்றமோ சுயேச்சையான அமைப்போ பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகே பிரிட்டன் தன் சட்டத்தை மாற்றியது.

நீதிபதி என்ற சொல்லை மட்டும் சட்டத்தில் போட்டுவிட்டால் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ரிமாண்ட் மனுக்கள் நடுவர் நீதிமன்றத்தில் சில நேரம் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதைத் தினமும் பார்க்கிறவன் நான். நூறு வழக்குக்கு நடுவில் நூற்றோராவதாக இதையும் கொடுத்தால் அங்கும் ஒரு நிமிடம்தான் கிடைக்கும். ஆகவே இதற்கென்றே நீதித்துறை உறுப்பினர்கள் கொண்ட தனி ஆணையம் வேண்டும். தொழில்நுட்பம் தெரிந்த ஊழியர்கள் வேண்டும். நிறுவனங்களின் கணினிகளில் யார் எதை எடுத்தார்கள் என்ற பதிவை நேரில் போய்ச் சரிபார்க்கும் அதிகாரம் வேண்டும். உறுப்பினர்களை ஆட்சியில் இருப்பவர் நினைத்த நேரத்தில் நீக்க முடியாதபடி பாதுகாப்பும் வேண்டும். அமெரிக்காவில் 2025 ஜனவரியில், கண்காணிப்பு அமைப்புகளை மேற்பார்வையிடும் அந்தரங்க வாரியத்தின் மூன்று உறுப்பினர்களை அதிபர் நீக்கினார். வாரியம் கூடத் தேவையான எண்ணிக்கையே இல்லாமல் போனது. பெயரளவில் சுயேச்சையாக இருந்தால் இதுதான் கதி. நம் நாட்டில் 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் வாரியத்தின் உறுப்பினர்களை மத்திய அரசே நியமிக்கிறது. அந்தச் சட்டத்திலிருந்து தன் அமைப்புகளுக்கு முழு விலக்குத் தரும் அதிகாரமும் அதே அரசிடம். அந்த வாரியம் இந்த வேலைக்கு ஆகாது.

வழக்கறிஞராக எனக்கு மிக முக்கியமாகப்படுவது ஒன்று உண்டு. நீதிமன்றத்தில் எந்த உத்தரவும் எதிர்த்தரப்பைக் கேட்டுத்தான் வரும், கேட்காமல் வந்தாலும் பிறகு அவருக்குச் சொல்லியாக வேண்டும். ஒட்டுக்கேட்பில் பாதிக்கப்படுபவர் அறையில் இல்லை, பிறகும் சொல்வதில்லை. தென்னாப்பிரிக்காவில் சாம் சோல் என்ற புலனாய்வுச் செய்தியாளரின் போன் ஒட்டுக்கேட்கப்பட்டது. அவருடைய பேச்சின் எழுத்துப்படி வேறொரு வழக்கின் ஆவணத்தில் இருந்ததால்தான் அவருக்கே தெரிந்தது. அந்த நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், கண்காணிப்பு முடிந்த பிறகும் உரியவருக்குச் சொல்லாத சட்டம் செல்லாது என்றது. நாடாளுமன்றம் திருத்தும்வரை, முடிந்த 90 நாளுக்குள் சொல்ல வேண்டும், விசாரணை கெடும் என்றால் நீதிபதியிடம் அவகாசம் வாங்கலாம் என்று இடைக்கால ஏற்பாடும் செய்தது. அமெரிக்காவில் குற்ற வழக்குகளுக்கான ஒட்டுக்கேட்புச் சட்டத்தில் 1968-லிருந்தே 90 நாள் அறிவிப்பு இருக்கிறது. நம் ஊரில் ஒருவரை ஐந்து ஆண்டுக்கு முன் தவறாகக் கண்காணித்திருந்தால், அவர் அதை அறியாமலேயே செத்துப்போவார். வழக்குப் போடும் உரிமை ஏட்டில் இருந்து என்ன பயன்?

உங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா நிறைவேறாது என்பது எனக்கும் தெரியும். 2011-ல் உளவு அமைப்புகளை நாடாளுமன்ற மேற்பார்வைக்குள் கொண்டுவர மணீஷ் திவாரி கொண்டுவந்த மசோதா அப்படியே காலாவதியானது. 2019-ல் விழுப்புரம் உறுப்பினர் ரவிக்குமார் அந்தரங்கப் பாதுகாப்புக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதுவும் சட்டமாகவில்லை. ஆனாலும் அவை வீண் இல்லை, பின்னால் வருபவர்களுக்கு வரைவு கையில் இருக்கிறது. அதை எடுத்து, தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவுக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவுக்கும் சுயேச்சையான முன் அனுமதியைச் சேர்க்கும் திருத்தமாக மறுபடி கொண்டுவாருங்கள். 94-ஆவது பிரிவில் அஞ்சலட்டைக்குக் கொடுத்த விலக்கில் அழைப்பு விவரங்களையும் சேர்க்க இரண்டு வரித் திருத்தம் போதும். வெவ்வேறு கட்சி உறுப்பினர்கள் ஆளுக்கொரு மசோதாவாக அதையே கொண்டுவந்தாலும் நல்லதுதான்.

அதற்கு முன், வரும் கூட்டத்தொடரிலேயே ஒரு நட்சத்திரக் கேள்வி கேளுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். கடந்த மூன்று ஆண்டில் மத்திய அரசு எத்தனை ஒட்டுக்கேட்பு உத்தரவு போட்டது, அதில் அவசர உத்தரவு எத்தனை, மறுஆய்வுக் குழு எத்தனை முறை கூடியது, எத்தனை உத்தரவை ரத்து செய்தது, எத்தனை சி.டி.ஆர். கோரிக்கை நிறுவனங்களுக்குப் போனது. இவ்வளவுதான். தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுத்தால், மொத்த எண்ணிக்கையை வெளியிடும் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் அதனால் என்ன ஆபத்து வந்தது என்று துணைக்கேள்வி கேளுங்கள்.

மாநிலத்திலும் இதே அதிகாரம் இருக்கிறது, கோட்டையில் எந்தக் கட்சி ஆண்டாலும். உங்களில் யாருடைய கட்சி சென்னையில் ஆட்சியில் இருக்கிறதோ, அவர்கள் தங்கள் முதல்வரிடமே கேட்கலாம்: தமிழ்நாட்டு மறுஆய்வுக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, அன்று எத்தனை உத்தரவைப் பார்த்தது? மாநில எண்ணிக்கையை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க டெல்லியின் அனுமதி தேவையில்லை. முடிவு செய்தால் அடுத்த மானியக் கோரிக்கையின்போதே வைத்துவிடலாம்.

இந்தக் கேள்விகளுக்குச் சட்ட வாசகங்களோ தீர்ப்பு நகல்களோ தேவைப்பட்டால், என்னால் ஆனதைத் தொகுத்துத் தரத் தயாராக இருக்கிறேன். எங்கள் சங்கத்தில் இதற்கு நேரம் கொடுக்க விரும்பும் இளம் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு வழக்கறிஞர்